கோட்டம் எடுத்த கதை



இரண்டு மாதமாக இந்தப் பக்கத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. "டீச்சர், உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது, ஆனால் எழுதக் கூச்சமாக இருந்தது. தப்பு என் மேல். அதை எழுதாமல் வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் கை ஓடவில்லை. கொஞ்சம் நீளமான பதிவு. நடுவில் கார் சக்கரத்தைப் பற்றிய பாடமும் வரும். பாடம் நடத்தாமல் எனக்குப் பேச வராது என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா திண்டுக்கல்லில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராகக் கடைக்குத்தான் போவேன். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசம் இப்போதும் எனக்கு என் சின்ன வயசு வாசம்தான். வாடகைக்கு எடுத்துப் போகிறவர்கள் எங்கேயாவது முட்டிவிட்டு, சக்கரம் எட்டு மாதிரி நெளிய, தள்ளிக்கொண்டு வருவார்கள். அப்பா திட்ட மாட்டார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஃபோர்க்கில் கையை ஊன்றி ஒரு சாக்பீஸை ரிம்மின் பக்கவாட்டில் படுகிற மாதிரி நீட்டிப் பிடிப்பார். ரிம் எங்கே வெளியே தள்ளி இருக்கிறதோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழும். அந்த இடத்தில் எதிர்ப்பக்கத்துப் போக்ஸ் கம்பியைக் கொஞ்சம் இறுக்குவார். இந்தப் பக்கத்துக் கம்பியைக் கொஞ்சம் தளர்த்துவார். மறுபடி சுற்றுவார், மறுபடி சாக்பீஸ். இதற்குப் பெயர் கோட்டம் எடுப்பது.

பழைய சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40 கம்பி. கூட்டல் கழித்தல் எனக்கு அங்கேதான் வந்தது. ஒரு முறை நான் அவசரப்பட்டு நிப்பிளை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். கோணல் போனது, ஆனால் பக்கத்தில் புதிதாக ஒரு கோணல் வந்தது. "கால் சுற்றுக்கு மேல திருப்பாதம்மா. திருப்பிட்டு நின்னு பாரு. சக்கரம் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு அடுத்த திருப்பு" என்றார் அப்பா. அந்தச் சொல்லைப் பிற்காலத்தில் வகுப்பறையில் எத்தனையோ தடவை உங்களிடம் சொல்லியிருப்பேன். நான் பின்பற்றினேனா என்பதுதான் இந்தக் கதை.

என் வீட்டுக்காரர் 2016-இல் ஒரு கார் வாங்கினார். நான் அதற்கு முன்பே, 52 வயதில், கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். 2020-இல் அவர் காலமானதும், "அம்மா, காரை வித்துரலாம், எங்க போகணும்னாலும் ஆட்டோ வச்சுக்கோ" என்றான் மகன். நான் சம்மதிக்கவில்லை. காய்கறிக்கும், வங்கிக்கும், உங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கும் நானே ஓட்டிக்கொண்டு வந்து இறங்குவது எனக்குப் பெரிய விஷயம். மகனுக்கு அதில் பயம். சின்னதாக ஒரு கீறல் விழுந்தாலும், "இதுக்குத்தான் சொன்னேன்" என்பான். அதனால் கீறல் விழுந்தால் அவனிடம் சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடந்த டிசம்பரில், நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம். எதிரே பஸ் ஒன்று முழு வெளிச்சம் போட்டுக்கொண்டு வந்தது. கண் கூசியதில் காரை இடது ஓரமாக ஒடித்தேன். ரோட்டில் தேங்கிய தண்ணீர் என்று நினைத்தது பள்ளம். முன் சக்கரம் "டமால்" என்று இறங்கி ஏறியது. அடுத்த நொடியே பின் சக்கரமும் அதே பள்ளத்தில் இறங்கியது. பல்லெல்லாம் ஆடிவிட்டது. இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். டயர் வெடிக்கவில்லை. பளபளவென்று இருக்கும் அலாய் வீலின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. தப்பித்தோம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை புறவழிச்சாலையில் போகும்போது, வேகம் 60-ஐத் தாண்டியதும் ஸ்டீரிங் கையில் நடுங்கியது. வேகத்தைக் குறைத்தால் நடுக்கம் நின்றது. நேராக வீல் பேலன்சிங் கடைக்குப் போனேன். கடை வைத்திருப்பவன் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவன். பெயர் வேண்டாம், அவனும் இதைப் படிப்பான்.

எழுந்து நின்று, "வாங்க டீச்சர்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். சக்கரத்தைக் கழற்றி மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டான். முன் இடது சக்கரத்துக்கு மட்டும் மெஷின் வழக்கத்துக்கு மேல் எடை கேட்டது. அவன் முகம் மாறியது.

"டீச்சர், இவ்வளவு வெயிட் கேக்குதுன்னா ரிம்மு கோட்டமா இருக்கும். சுத்தும்போது பாருங்க, ஆடுது. டயரைக் கழட்டி உள்பக்கம் பாத்துருவோம். பின் வீலையும் பாக்கணும். வண்டிய நாளைக்கு வரைக்கும் விட்டுட்டுப் போங்க."

மறுநாள் காலையில் பெங்களூரிலிருந்து மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் வருகிறார்கள். ஸ்டேஷனுக்கு நான் காரில் போகாவிட்டால் கேள்வி வரும். கேள்வி வந்தால் பள்ளத்துக் கதை வரும். பள்ளத்துக் கதை வந்தால், "வித்துரலாம்மா" வரும். இவ்வளவும் அரை நொடியில் மனசில் ஓடியது. வாயில் வந்தது வேறு:

"அதெல்லாம் வேண்டாம்ப்பா. சொன்னதை மட்டும் செய்."

என்னிடம் படித்தவர்களுக்கு அந்தக் குரல் தெரியும். கரும்பலகைப் பக்கம் திரும்பியபடியே, பின் பெஞ்சில் பேசுகிறவனை நிறுத்தும் குரல். நாற்பத்தைந்து வயதுக்காரன், இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன், "சரிங்க டீச்சர்" என்று தலையை ஆட்டிவிட்டு, மெஷின் கேட்ட ஈயத் துண்டுகளை ரிம்மில் பொருத்தி அனுப்பிவிட்டான். நடுக்கம் பாதி குறைந்தது. பாதி குறைந்ததை முழுசும் போனதாக நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

இங்கே பாடம்.

பேலன்சிங் வேறு, கோட்டம் வேறு. சக்கரத்தில் ஒரு பக்கம் எடை கொஞ்சம் கூடியிருந்தால், எதிர்ப்பக்கம் ஈயத்தை வைத்துச் சமன் செய்வது பேலன்சிங். ரிம்மின் வடிவமே கோணியிருந்தால் ஈயம் என்ன செய்யும்? ஆணி கோணிய பம்பரத்தின் தலையில் களிமண்ணை அப்பினால் ஆட்டம் நிற்குமா? கோட்டத்திலும் இரண்டு வகை உண்டு. சக்கரம் இடமும் வலமுமாக நெளிந்து சுற்றுவது ஒன்று. வட்டம் ஓர் இடத்தில் தட்டையாகி, மேலும் கீழுமாகத் துள்ளிச் சுற்றுவது இன்னொன்று.

அந்தத் துள்ளல் எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். என் கார் டயரில் 185/65 R15 என்று இருக்கும். அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மில்லிமீட்டர். ரிம்மின் விட்டம் 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். மேலும் கீழும் சுவரைச் சேர்த்தால் முழு விட்டம் ஏறத்தாழ 621. பையால் பெருக்கினால் சுற்றளவு ஏறத்தாழ 195 சென்டிமீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டரில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. அப்படியானால் சக்கரம் நொடிக்குப் பதினோரு சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. ரிம்மில் ஓர் இடம் அமுங்கியிருந்தால், அந்த இடம் நொடிக்குப் பதினோரு முறை ரோட்டைத் தட்டுகிறது. டயருக்கும் பேரிங்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் அத்தனை அடி. நமக்கு அது "லேசான நடுக்கம்".

கதைக்கு வருகிறேன்.

பேரப்பிள்ளைகள் வந்தார்கள். பேத்திக்கு ஒன்பது வயது, பேரனுக்கு ஆறு. மூன்றாம் நாள் சிறுமலைக்குப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மகனுக்கு அலுவலக வேலை, லேப்டாப்பில் உட்கார்ந்திருந்தான். மருமகளுக்குத் தலைவலி. "நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. மலையேறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது, வளைவுக்கு வளைவு கார் இடது பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. ஸ்டீரிங் கனத்தது. பின் சீட்டில் இரண்டும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தடுப்புச் சுவர். நிறுத்த இடமில்லை. மெதுவாக, இரண்டாவது கியரில், உள்ளங்கை வியர்க்க, அகலமான ஓர் இடம் வரும் வரைக்கும் ஓட்டி நிறுத்தினேன். முன் இடது டயரில் காற்று பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

மலைவாழைத் தார் ஏற்றிக்கொண்டு வந்த வேன்காரத் தம்பி ஒருவர் நிறுத்தி, ஜாக்கி போட்டு ஸ்டெப்னி மாற்றிக் கொடுத்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "பாத்துப் போங்கம்மா, சின்னப் பிள்ளைங்க இருக்கு" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது சாதாரணமாகக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பேரன், "அப்பா, அப்பத்தா கார் டயர்ல காத்து போயிருச்சு!" என்றான். மகன் என்னைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்லப்பா, பஞ்சர்" என்றேன்.

முப்பத்தாறு வருஷம் "பொய் சொல்லக் கூடாது" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள், பேரன் பேத்தி முன்னால் சொன்ன பொய் அது.

மறுநாள் அந்தச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் அதே கடைக்குப் போனேன். அவன் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் உருட்டினான். டயரில் ஆணி இல்லை, கிழிசல் இல்லை. குமிழி வந்தது ரிம்மின் உள்பக்கத்திலிருந்து. டயரைக் கழற்றினான். வெளி முகத்தில் கீறல்கூட இல்லாத அந்த ரிம், காருக்கு அடியில் நம் கண்ணுக்குப் படாத உள்விளிம்பில், ஒரு விரல் அகலத்துக்கு உள்ளே அமுங்கியிருந்தது. அமுங்கிய இடத்தின் நடுவில் தலைமுடி போல ஒரு கோடு. அவன் துணியால் துடைத்து, என் கையைப் பிடித்து, நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னான். நகம் தட்டியது. அது கீறல் இல்லை. விரிசல்.

அந்தச் சக்கரத்தில்தான் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பதினெட்டு வளைவு ஏறி இறங்கியிருக்கிறேன். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவன் தண்ணீர் வாங்கிவரச் சொன்னான்.

"நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும் டீச்சர்" என்றான்.

"நீ சொன்னியேப்பா."

"சொன்னேன். ஆனா நீங்க வேண்டாம்னு சொன்னதுக்கு அப்புறம் எப்படி டீச்சர்..." அவ்வளவுதான் சொன்னான். மீதியைச் சொல்லவில்லை.

அந்தச் சொல்லாத மீதிதான் இரண்டு மாதமாக என்னைத் தூங்கவிடவில்லை.

வேறு யாராவது வாடிக்கையாளர் என்றால் அவன் வாதாடியிருப்பான். "வண்டியை எடுக்காதீங்க சார், நான் பொறுப்பில்ல" என்று சத்தம் போட்டிருப்பான். என்னிடம் முடியவில்லை. ஏன்? பத்து வயதில், டீச்சர் சொன்னால் சொன்னதுதான் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். எங்கள் காலத்து ஆசிரியர் பயிற்சியில் பாடம் நடத்தும் முறைகள் எத்தனையோ படித்தோம். பிள்ளை நம்மை மறுத்துப் பேசினால் எப்படிக் காது கொடுப்பது என்று நான் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. பலகையில் நான் ஒரு வகுத்தலைத் தப்பாகப் போட்டுவிட்டேன். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், மீதி அஞ்சு வரணும்" என்றான். "உட்காருடா, அதிகப்பிரசங்கி" என்றேன். பிறகு பார்த்தால் மீதி ஐந்துதான். சத்தமில்லாமல் அழித்து மாற்றி எழுதினேன். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அது இவன்தானா, வேறு ஒருவனா என்று எனக்கு நினைவில்லை. யாரென்றே நினைவில்லாமல் போனது இன்னும் உறுத்துகிறது. இதைப் படிக்கிற உங்களில் ஒருவராக இருந்தால், தம்பி, உன் விடைதான் சரி. என்னை மன்னித்துக்கொள்.

அன்றைக்குக் கடையில் அவனிடம், "இப்ப நீ டீச்சர், நான் ஸ்டூடண்ட். நீ சொல்றதை நான் செய்றேன்" என்றேன். அவன் சிரித்தான். பிறகு நிஜமாகவே பாடம் எடுத்தான்.

பக்கத்தில் நின்ற ஒருவர், "ஆர்கான் வெல்டிங் வச்சா போச்சு, எதுக்குப் புது ரிம்மு?" என்றார். அவன் மறுத்துவிட்டான். "வெல்டு பிடிக்கும். ஆனா வெல்டு பிடிச்ச இடத்தைச் சுத்தி சூடு பட்ட அலுமினியம் பலம் போயிரும். வளைஞ்சதை நிமித்தலாம் டீச்சர். விரிசல் விட்டதை நான் தொட மாட்டேன்" என்றான். அதோடு விடவில்லை. கட்டிங் மெஷினை எடுத்து அந்த ரிம்மைக் குறுக்கே இரண்டாக அறுத்தான். ஏன் என்று கேட்டேன். "முழுசா பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டா, யாராவது வாங்கி, வெல்டு வச்சு, பெயிண்ட் அடிச்சு வித்துருவாங்க. வேற யார் வீட்டுப் பிள்ளையாவது அதுல போகும்" என்றான். ஐந்தாம் வகுப்பில் நான் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனாகக் கற்றுக்கொண்டது.

பின் இடது சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தான். அதிலும் உள்விளிம்பு வளைந்திருந்தது, விரிசல் தெரியவில்லை. "இதை நிமித்தலாம். அதுக்கான மெஷின் எங்கிட்ட இல்ல. மதுரைக்கு அனுப்பணும்" என்றான். "நானும் வருகிறேன்" என்றேன். அப்பாவின் கடைக்குப் பிறகு கோட்டம் எடுப்பதைப் பார்த்து ஐம்பது வருஷம் ஆகிறது.

மதுரைப் பட்டறையில் ஒரு பெரியவர். முதலில் ரிம்மைச் சுத்தமாகக் கழுவினார். வளைந்த இடத்தில் சிவப்புச் சாயம் ஒன்றை அடித்துச் சற்று நேரம் விட்டுத் துடைத்தார். பிறகு அதன் மேல் வெள்ளைப் பூச்சு. கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், உள்ளே இறங்கிய சிவப்பு வெள்ளையில் கோடாக ஊறி வெளியே வருமாம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அதற்குப் பிறகுதான் வேலையில் கை வைத்தார்.

ரிம்மை ஒரு தண்டில் மாட்டி, விளிம்பில் டயல் கேஜை வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றினார். கடிகாரம் போல ஒரு முள், ரிம் எங்கே எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது என்று காட்டியது. எனக்கு அப்பாவின் சாக்பீஸ் ஞாபகம் வந்தது. கருவி மாறியிருக்கிறது, வேலை அதே வேலைதான்.

வளைந்த இடத்தைச் சுற்றி இளஞ்சூடாகத் தீ காட்டினார். அடிக்கடி நிறுத்தி, சூட்டை அளக்கும் கருவியை நீட்டிப் பார்த்தார். "ஏன் இத்தனை தடவை பார்க்கிறீங்க?" என்றேன். "இரும்புன்னா காய்ச்சக் காய்ச்சச் செவக்கும்மா. கண்ணாலயே பாத்துத் தெரிஞ்சுக்கலாம். அலுமினியம் செவக்காது. கடைசி வரைக்கும் ஒண்ணும் தெரியாத மாதிரியே இருக்கும். திடீர்னு உருகி விழுந்துரும்" என்றார்.

இது அறிவியல் பாடத்தில் வர வேண்டியது. கிராமத்தில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரும்புப் பட்டை நெருப்பில் செக்கச் சிவந்து, "நான் தயார்" என்று தானே சொல்லும். அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியஸில். கலப்பு உலோகமானால் இன்னும் குறைவு. கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியும் முன்பே அது உருகிவிடும். உருகும் வரைகூடப் போக வேண்டாம், அதற்கு வெகு கீழேயே, தொழிற்சாலையில் பக்குவப்படுத்தி ஏற்றிய பலத்தை இழந்துவிடும். ரோட்டோரத்தில் கண்மூடித்தனமாகத் தீ வைத்துச் சம்மட்டியால் தட்டி நிமிர்த்திய அலாய் வீல், பார்க்க வட்டமாக இருக்கும். பலம் இருக்காது. இரும்பு ரிம் அப்படியில்லை. அது வளையும், தட்டினால் நிமிரும், பெரும்பாலும் உடையாது.

சூடு போதும் என்றதும், ஹைட்ராலிக் ஜாக்கியை உள்விளிம்பில் பொருத்திக் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தார். நிறுத்தினார். சுற்றினார், முள்ளைப் பார்த்தார். மறுபடி கொஞ்சம் அழுத்தம். ஒரே அழுத்தில் தள்ளியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். கடைசியில் முள் அரை மில்லிமீட்டருக்குள் நின்றது. மறுபடியும் சிவப்புச் சாயம், வெள்ளைப் பூச்சு. நிமிர்த்தும்போது விரிசல் விட்டிருக்கலாம் அல்லவா? இல்லை என்று உறுதியானதும் ரிம்மைக் கொடுத்தார். கூலி புது ரிம் விலையில் கால் பங்குகூட இல்லை.

திரும்பும் வழியில் கொடைரோடு பக்கம் டீ குடிக்க நிறுத்தினோம். அங்கே நின்றுகொண்டே மகனுக்கு ஃபோன் செய்தேன். அவர்கள் பெங்களூருக்குத் திரும்பியிருந்தார்கள். பள்ளம், நடுக்கம், "சொன்னதை மட்டும் செய்", சிறுமலை, பஞ்சர் என்று சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. "வித்துரலாம்மா" என்று சொல்லப் போகிறான் என்று காத்திருந்தேன். சொன்னாலும் நியாயம்தான்.

"பள்ளத்துல விட்டது தப்பில்லம்மா. எங்கிட்ட சொல்லப் பயந்தியே, அதுதான் கஷ்டமா இருக்கு" என்றான். கொஞ்சம் கழித்து, "நானும் அப்படிப் பேசிப் பேசியே உன்னைப் பயமுறுத்திட்டேன்" என்றான்.

நான் என் மாணவனுக்கு எப்படியோ, என் மகன் எனக்கு அப்படி. இரண்டு பக்கமும் ஒரே கோட்டம். காரை விற்கவில்லை. ஒரு நிபந்தனை: இனி ஒரு கீறல் விழுந்தாலும் அன்றைக்கே சொல்ல வேண்டும், அவன் அன்றைக்கு "வித்துரலாம்" என்ற வார்த்தையை எடுக்கக் கூடாது. பேத்தியிடமும் பேரனிடமும் தனித்தனியாகப் பேசி, "அப்பத்தா அன்னைக்குச் சொன்னது பொய்" என்று ஒப்புக்கொண்டேன். பேரன் "அப்ப உனக்கு என்ன பனிஷ்மெண்ட்?" என்று கேட்டான். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.

கார் ஓட்டுகிற உங்களுக்காக, நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாக எழுதுகிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

1. பள்ளத்தில் பலமாக விழுந்தால், வெளி முகத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். அடி பெரும்பாலும் உள்விளிம்பில் ஒளிந்திருக்கும். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

2. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன் சக்கரம். சீட் நடுங்கினால் பின் சக்கரம். வாரத்துக்கு வாரம் ஒரே டயரில் காற்று இறங்கினால், ஆணி இல்லாவிட்டால், ரிம்மைச் சந்தேகப்படுங்கள்.

3. டயரின் பக்கச் சுவரில் கொப்புளம் போல வீங்கியிருந்தால் உள்ளே நூல் இழைகள் அறுந்துவிட்டன என்று அர்த்தம். அந்த டயரை மாற்ற வேண்டும். ஒட்டுப் போடும் விஷயம் இல்லை.

4. வளைந்தால், தெரிந்தவரிடம் கொடுத்து நிமிர்த்தலாம். விரிசல் என்றால், அல்லது நடுவில் உள்ள கைகளே வளைந்தால், புது ரிம்தான். நிமிர்த்திய பிறகு பேலன்சிங், அலைன்மெண்ட் இரண்டும் பார்க்க வேண்டும்.

5. பள்ளத்தைத் தவிர்க்க முடியாவிட்டால், அதற்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் பிடித்தபடி இறங்கினால் வண்டியின் பாரம் முன்னால் சாய்ந்து அடி பலமாக விழும்.

6. காற்று குறைந்த டயர் ரிம்மைக் காப்பாற்றாது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் எத்தனை அளவு காற்று வேண்டும் என்று ஸ்டிக்கர் இருக்கும். டயர் சூடாகும் முன் அளந்து பாருங்கள்.

7. சக்கரத்தை மாட்டும்போது நட்டுகளை வரிசையாக இறுக்காமல், ஒன்றுக்கு எதிரே ஒன்றாக, நட்சத்திரம் வரைவது போல இறுக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு மறுபடி ஒரு முறை இறுக்கம் பாருங்கள்.

இந்த ஏழுக்கும் மேலே எட்டாவதாக ஒன்று இருக்கிறது. வேலை தெரிந்தவர் "இதைப் பாக்கணும்" என்று சொன்னால், அவர் உங்களைவிட வயதில் சின்னவராக இருந்தாலும், உங்களிடம் படித்தவராகவே இருந்தாலும், வாயை மூடிக்கொண்டு பார்க்க விடுங்கள்.

போன வாரம் நட்டு இறுக்கம் பார்க்க அவன் கடைக்குப் போனேன். வழக்கம் போல ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். பிறகு டயரைச் சுற்றி வந்து, பக்கச் சுவரில் ஓர் இடத்தைக் காட்டினான். நான்கு எண்: 3219. "இது டயர் செஞ்ச தேதி டீச்சர். 2019-இல் முப்பத்தி ரெண்டாவது வாரம். ஆறு வருஷம் தாண்டிருச்சு. பட்டன் இன்னும் இருக்கு, ஆனா ரப்பர்ல வெடிப்பு வந்திருக்கு. நாலையும் மாத்தணும்."

நாலா! என் ஓய்வூதியக் கணக்கு மனசில் ஓடியது. வாயைத் திறந்தேன்.

"டீச்சர்," என்றான் அவன், கொஞ்சம் சத்தமாகவே, "மாத்தாம வண்டிய வெளிய விட மாட்டேன்."

கடையில் வேலை செய்கிற இரண்டு பையன்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரிப்பா" என்றேன். அன்றைக்கு வீட்டுக்குப் புது டயரோடு வந்தேன்.

உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். நான் இங்கே எழுதுவதில் தப்பு இருந்தால் "அருமை டீச்சர்" என்று போட்டுவிட்டுப் போகாதீர்கள். தப்பு என்று சொல்லுங்கள். பத்து வயதில் சொல்ல விடாமல் செய்துவிட்டேன். இப்போது சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

பார்த்து ஓட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்